மேசைக்குள் அடங்கும் சீட்டாட்டம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான்கு பேர் ஆடும் சீட்டாட்டம் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆளுக்குப் பன்னிரண்டு சீட்டுகள்வரை முன்னால் இறக்கலாம். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு வரி விளக்கம் உண்டு. பயன்படுத்திய சீட்டைப் படுக்கைவாட்டில் திருப்பிவைக்க வேண்டும். பாய் விரித்து ஆடும்போது நன்றாக வருகிறது. சாப்பாட்டு மேசையில் இடம் போதவில்லை. சீட்டைச் சிறிதாக்கிவிடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

சிறிதாக்க வேண்டாம். 44 × 68 மி.மீ. அளவில் சிறு சீட்டுகள் உண்டுதான். ஆனால் உங்கள் இரண்டு வரியை அதில் அச்சிட்டால் எதிரே இருப்பவரால் படிக்க முடியாது. பெரியவர்கள் கைச்சீட்டையே கண்ணருகே கொண்டுபோக வேண்டியிருக்கும். வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஆடவேண்டிய ஆட்டத்திலிருந்து அவர்களை விலக்கிவிடாதீர்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வழக்கமான போக்கர் சீட்டு 63 × 88 மி.மீ. ஆறு ஆறாக இரண்டு வரிசை வைத்தால் ஒருவருக்கு 38 செ.மீ. அகலமும் 18 செ.மீ. ஆழமும் தேவை. மேசை 75 செ.மீ. சதுரம் என்று கொள்வோம். எதிரெதிரே உள்ள இருவரும் ஆளுக்கு 18 ஆக மொத்தம் 36 செ.மீ. எடுத்துக்கொண்டால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு 39 செ.மீ. மிஞ்சும். நெருக்கமாக இருந்தாலும் அடங்கிவிடும், நடுவில் கட்டு வைக்கவும் இடமிருக்கும். இனி சீட்டுகளைத் திருப்புங்கள். ஒவ்வொன்றும் 88 மி.மீ. அகலம் கேட்கும், ஆறு சீட்டுக்கு 53 செ.மீ. ஆகிவிடும். இடத்தைத் தின்பது அந்தத் திருப்பும் விதிதான். பயன்படுத்தியதைக் காட்ட மேலே ஒரு சோழியோ பொத்தானோ வைத்தால் போதுமே.

அதைவிட முக்கியமாக, பன்னிரண்டு என்ற எண்ணை யோசியுங்கள். வொல்ஃப்காங் கிராமர் வடிவமைத்த '6 நிம்ட்!' என்ற சீட்டாட்டம் 1994இல் வந்தது. மொத்தம் 104 சீட்டுகள், பத்துப் பேர்வரை ஆடலாம். மேசையில் நான்கே வரிசைகள், வரிசைக்கு ஐந்து சீட்டுகள். ஆறாவது சீட்டை வைக்க நேர்ந்தவர் அந்த ஐந்தையும் தண்டப் புள்ளிகளாக எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் ஆடினாலும் வரிசைகளில் இருபது சீட்டுக்கு மேல் நிற்காது. ஆட்டத்தின் பதற்றம் முழுவதும் அந்த ஆறாவது சீட்டில்தான் இருக்கிறது. இட வரம்பையே ஆட்டத்தின் உயிராக்கிய இந்த வடிவமைப்பு எனக்கு மிகவும் பிடித்தது. உங்கள் ஆட்டத்திலும் ஏழாவது சீட்டை, முன்பு இறக்கிய ஒன்றின்மேல் அதை மறைத்துத்தான் வைக்க வேண்டும் என்று விதி வைத்துப்பாருங்கள். எதை இழப்பது என்ற கேள்வி தானாக வந்துவிடும்.

பன்னிரண்டும் கட்டாயம் தெரியவேண்டுமென்றால் கார்ல் சுடிக்கின் 'இன்னோவேஷன்' (2010) ஆட்டத்தைப் பாருங்கள். அங்கே நிறத்துக்கு ஓர் அடுக்கு. அடுக்கை இடமோ வலமோ மேலோ சரித்தால் அடியிலுள்ள சீட்டுகளின் ஓரச் சின்னங்கள் வெளியே தெரிந்து கணக்கில் சேரும். நீங்களும் ஆட்டத்தின்போது அடிக்கடி பார்க்கவேண்டியதை இடது ஓரத்தில் 2 செ.மீ. பட்டைக்குள் கொண்டுவந்துவிடுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து அடுக்கினால் ஆறு சீட்டுகள் 16 செ.மீ. சொச்சத்தில் அடங்கும்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் செய்தித்தாள்களை ஒட்டி 75 செ.மீ. சதுரமாக வெட்டி, அதற்குள்ளேயே ஆடிப்பாருங்கள். நான்கு டீ டம்ளர்களையும் அதன்மேலேயே வையுங்கள்.