பிரெயில் சொல் விளையாட்டு: வில்லை, பலகை, விதிகள் – கேள்வி பதில்

பார்வையற்றவரும் பார்வையுள்ளவரும் ஒரே பலகையில் ஆடும் தமிழ்ச் சொல் விளையாட்டைச் செய்வது பற்றி சேலம், ஏற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகள் இவை. எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஆட்டம் என்று வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன். குழப்பம் வராமல் இருக்க, ‘க்’ மேல் வைக்கும் புள்ளியை இங்கே மெய்ப்புள்ளி என்கிறேன். வெறுமனே ‘புள்ளி’ என்றால் விரலில் தட்டும் பிரெயில் புள்ளி.

அம்மாப்பேட்டை: மரத்தில் வில்லை செய்கிறோம். என்ன அளவு சார்?

ஒரு பிரெயில் குறிக்குரிய ஆறு புள்ளி இடங்கள் சேர்ந்ததுதான் பிரெயில் கட்டம். அதன் அளவை மாற்றாதீர்கள். புள்ளிக்குப் புள்ளி 2.5 மி.மீ., கட்டத்துக்குக் கட்டம் 6 மி.மீ., புள்ளியின் உயரம் அரை மி.மீ. அளவில் இருக்க வேண்டும். ‘பெரிதாக இருந்தால் நன்றாகத் தெரியுமே’ என்று பெருக்குகிறவர்கள் கண்ணால் யோசிக்கிறார்கள். ஒரு கட்டம் விரல் நுனிக்குள் அடங்கினால்தான் அது எழுத்து. அடங்காவிட்டால் விரல் ஆறு புள்ளிகளையும் தேடி அலையும்.

வில்லை 20 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம், 4 மி.மீ. தடிமன் இருக்கட்டும். மேல் பாதியில் அச்செழுத்து, கீழ்ப் பாதியில் பிரெயில். மஞ்சளில் கறுப்பு எழுத்து, மங்கலாகப் பார்ப்பவர்களுக்கும் உதவும். பலகையில் 2 மி.மீ. ஆழத்துக்குக் குழி எடுங்கள். சமதளப் பலகை வேண்டாம், வாசிக்கும் விரலே வில்லைகளைக் கலைத்துவிடும்.

மரத்தில் புள்ளி வைக்க ஒரு வழி: 1.5 மி.மீ. துளையை 1 மி.மீ. ஆழத்தில் போட்டு, அதே விட்டமுள்ள எஃகுக் குண்டை எபாக்ஸி வைத்து இறக்குங்கள். அரை மி.மீ. வெளியே நிற்கும். டிரில்லில் ஆழத்தை நிறுத்தும் வளையம் இல்லாமல் ஆரம்பிக்காதீர்கள். சைக்கிள் பால்ஸ் பெரிது, அது உதவாது.

கடைசியாக, ஒவ்வொரு வில்லையிலும் வலது மேல் மூலையை 4 மி.மீ. வெட்டுங்கள். பலகைக் குழியில் அதே மூலையை அடைத்துவிடுங்கள். வில்லை தலைகீழாக இறங்காது.

ஓமலூர்: மூலை வெட்டுவது அவ்வளவு முக்கியமா? அழகு கெடுகிறதே.

முக்கியம். பிரெயில் கட்டத்தின் புள்ளிகளுக்கு எண் உண்டு: இடது வரிசையில் மேலிருந்து 1, 2, 3. வலது வரிசையில் 4, 5, 6. இதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் 1 இருந்த இடத்துக்கு 6 வரும், 2-க்கு 5, 3-க்கு 4. இப்போது தமிழ் எழுத்துகளைப் பாருங்கள். ல என்பது 1-2-3, திருப்பினால் 4-5-6, அது ள. ழ (1-2-3-5-6) திருப்பினால் ற (1-2-4-5-6). இ (2-4) ஈ ஆகும் (3-5). எ (2-6) ஏ ஆகும் (1-5). ப ண ஆகும், ம ங ஆகும், ஓ ஔ ஆகும். இவற்றில் எதைத் திருப்பி வைத்தாலும் கிடைப்பது இன்னொரு தமிழ் எழுத்துதான். அதனால் ‘தப்பு’ என்று விரலுக்குத் தட்டவே தட்டாது. ‘வால்’ வைத்தவருக்கும் ‘வாள்’ வாசித்தவருக்கும் சண்டை வரும், இரண்டு பேரும் சொன்னது சரியாகவே இருக்கும். அழகு கெட்டால் கெடட்டும்.

ஏற்காடு: மூலை வெட்டிய பிறகும் இ, ஈ குழம்புகிறது. ஏன்?

நல்ல கேள்வி. இ (2-4), ஈ (3-5) இரண்டும் ஒரே சாய்வு. ஈ ஒரு படி கீழே இருக்கிறது, அவ்வளவுதான். ஏ (1-5), எ (2-6) கதையும் அதேதான். ச (1-4), ஞ (2-5) கூட அப்படித்தான். தாளில் பக்கத்து எழுத்துகள் உயரத்தைக் காட்டிக் கொடுக்கும். தனி வில்லையில் பக்கத்தில் யாரும் இல்லை. அதனால் கட்டத்துக்குக் கீழே 3 மி.மீ. இடைவெளி விட்டு ஒரு மேட்டுக் கோடு போடுங்கள். அதைவிட நெருங்கினால் கோடும் புள்ளியாகத் தெரியும்.

இரண்டு வில்லைகளுக்கு மட்டும் அதுவும் போதாது. அ என்பது புள்ளி 1 மட்டும். மெய்ப்புள்ளி என்பது புள்ளி 4 மட்டும். ஒற்றைப் புள்ளி இடமா வலமா என்று எதை வைத்துச் சொல்வது? அந்த இரண்டிலும் இடப்பக்கம் ஆறு புள்ளியும் நிறைந்த ஒரு கட்டத்தை வைத்து, அதன் பிறகு எழுத்தை வையுங்கள். நிறைகட்டம் தமிழில் எழுத்தாக வருவதில்லை, எனவே குழப்பாது.

ஆத்தூர்: தமிழாசிரியர் நான். ‘கொ’வை க, ஒ என்று இரண்டு வில்லையாகப் பிய்ப்பதாகக் கேள்விப்பட்டேன். இது தமிழுக்கு இழுக்கில்லையா?

இழுக்கில்லை ஐயா. பிரெயிலில் தமிழ் எழுதப்படுவதே அப்படித்தான். க (1-3), பிறகு ஒ (1-3-4-6). கொம்பு, கால் எதுவும் கிடையாது. உயிர்க்குறி எப்போதும் மெய்க்குப் பின்னால், உயிரெழுத்தின் வடிவத்திலேயே வரும். மெய்ப்புள்ளி மட்டும் எழுத்துக்கு முன்னால் வரும்.

‘சேலம்’ அச்சில் 3 எழுத்து, பிரெயிலில் 5 கட்டம்: ச, ஏ, ல, மெய்ப்புள்ளி, ம. ‘ஏற்காடு’ 4 எழுத்து, 7 கட்டம். ஆய்தத்தை விட்டுவிட்டால், முழு எழுத்துக்கு ஒரு வில்லை என்றால் 246 வகை வேண்டும். பிரித்தால் 12 உயிர், 18 மெய், ஒரு மெய்ப்புள்ளி, ஆக 31. ஜ, ஸ, ஷ, ஹ வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். தொல்காப்பியத்தின் முதல் நூற்பாவே எழுத்து முப்பது என்றுதானே தொடங்குகிறது?

ஆத்தூர் மீண்டும்: தொல்காப்பியர் சொன்ன மெய் ‘க்’. உங்கள் வில்லையில் இருப்பது ‘க’. அகரம் ஏறிய எழுத்தை மெய் என்று சொல்லி நூற்பாவைத் துணைக்கு அழைக்கக் கூடாது.

சரியான பிடி. ஒத்துக்கொள்கிறேன். பிரெயில் க-வில் அகரம் உள்ளே இருக்கிறது. அதனால்தான் முப்பதோடு நிற்காமல் 31 ஆகிறது. ஆனால் க், அ என்று இலக்கணப்படி பிரித்தால் பிரெயில் வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லையும் மனத்துக்குள் மாற்றி எழுத வேண்டியிருக்கும். யார் கையில் வாசிக்கிறாரோ அவருடைய எழுத்துமுறைதான் வில்லைக்கு.

எடப்பாடி: பிரெயில் வாசிப்பவன் நான். ஆசிரியர் ஐயாவுக்கு ஒன்று சொல்லலாமா? எனக்குக் ‘கொ’ என்றால் இரண்டு கட்டம்தான். பிய்த்தது நாங்கள் அல்ல.

இதற்கு நான் சேர்க்க எதுவும் இல்லை.

ஆத்தூர்: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொல்லின் நடுவே ‘உ’ வந்தால் அது உகரக் குறியா, தனி உயிரா என்று பார்வையுள்ள மாணவன் கேட்பானே?

அதற்கும் விடை உங்களிடமே இருக்கிறது. தமிழ்ச் சொல்லில் உயிர் முதலில்தான் வரும், நடுவில் தனியாக வராது. அளபெடையைச் சொல் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டால் சிக்கல் முடிந்தது. லாபமும் இருக்கிறது. ‘ஏற்காடு’, ‘கொலுசு’ இரண்டின் கடைசிக் கட்டமும் உ, அதனால் அங்கே இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும். முழு எழுத்துப் பலகையில் டு-வும் சு-வும் வெட்டவே முடியாது. வெட்டுமிடம் பெருகினால் ஆட்டம் அடைபடாமல் நகரும்.

முழு எழுத்துதான் வேண்டுமென்றால், எழுத்துப் பலகையில் ஒளிந்த சொல்லைத் தேடும் விளையாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். க ஒரு பிரெயில் கட்டம், கா இரண்டு, க் இரண்டு. எந்த எழுத்தும் இரண்டு கட்டத்தைத் தாண்டாது, 20 மி.மீ. வில்லையில் அடங்கிவிடும்.

சங்ககிரி: ஃபேப்ரிக் பெயின்ட்டால் புள்ளி வைக்கலாமா?

வேண்டாம். உயரம் சீராக வராது, பரவும்.

மேட்டூர்: எந்த எழுத்து எத்தனை வில்லை?

ஸ்கிராபிள் போன்ற ஆங்கில ஆட்டத்தின் பெட்டியைப் பார்த்து எண்ணாதீர்கள். உங்கள் சொல் பட்டியலைப் பிரெயில் கட்டங்களாகப் பிரித்து எண்ணுங்கள். சேலம், ஏற்காடு, கொலுசு, ஜவ்வரிசி, மாம்பழம் ஆகிய ஐந்திலும் சேர்த்து 34 கட்டம். அதில் மெய்ப்புள்ளி மட்டும் 5, ம 4, உ 3. பட்டியல் நீண்டாலும் மெய்ப்புள்ளியும் உகரமும் முன்வரிசையில்தான் நிற்கும். அதைக் குறைத்தால் ஆட்டம் பாதியில் நின்றுவிடும்.

வில்லையில் மதிப்பெண்ணைப் பிரெயிலில் பொறிக்காதீர்கள். பிரெயிலில் அடுத்து வருவது எண் என்று காட்டும் எண்குறி 3-4-5-6. ண-வும் 3-4-5-6. ண வில்லையில் பக்கத்தில் எதையாவது எழுதினால் அது எண்ணாகிவிடும். மதிப்பெண்ணைத் தனிக் குறிப்புத் தாளில் எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை, ணகரம் சொல்லுக்கு முதலில் வராது.

ஏற்காடு (வேறொருவர்): தாளில் அச்சிட்டு ஒட்டினால் செலவு குறையுமே?

குறையும். மலையில் பனிமூட்டக் காலத்தில் தாள் ஈரம் இழுத்துப் புள்ளி அமுங்கும். ஃபெவிகால் தடவினால் சேலத்து வெயிலிலேயே அமுங்கும். ஒளிபுகும் ஒட்டு பிளாஸ்டிக் தாளில் ஸ்லேட்டும் ஸ்டைலஸும் (பிரெயில் குத்தும் சட்டமும் ஊசியும்) வைத்துக் குத்தி, அச்செழுத்தின் மேலேயே ஒட்டுங்கள். எழுத்தும் தெரியும், புள்ளியும் நிற்கும். ஸ்லேட்டில் வலமிருந்து இடமாகத் திருப்பிக் குத்த வேண்டும். மறந்தால் இ ஏ-யாக வரும், ல ள-வாக வரும். மூலை வெட்டியாயிற்றா?

அயோத்தியாப்பட்டணம்: நெயில் பாலிஷால் புள்ளி வைக்கலாமா?

சங்ககிரிக்குச் சொன்னதுதான்.

செவ்வாய்ப்பேட்டை: பையிலிருந்து வில்லை எடுக்கும்போது பிரெயில் தெரிந்தவர் தடவித் தேர்ந்தெடுத்துவிடுவாரே?

எடுத்துவிடுவார். பையில் கை விடும்போது எல்லோரும் தடித்த கையுறை போடட்டும். விதியில் இன்னும் இரண்டு சேருங்கள். வைத்த சொல்லையும் பலகையில் அது தொடங்கிய கட்டத்தையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மணற்கடிகாரம் கூடாது. பலகை முழுவதையும் விரலால் பார்க்கப் பிடிக்கும் நேரம் கண்ணுக்குப் பிடிக்காது. நேரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் பலகையைத் தடவி முடித்த பிறகு எண்ணத் தொடங்குங்கள்.

ஓமலூர் (மென்பொருள் எழுதுபவர்): இதைக் கணினியில் மாற்ற என்ன வழி?

லிப்லூயி என்ற திறமூலத் தொகுப்பு பிரெயிலாக மாற்றிக் கொடுக்கும், தமிழ் அட்டவணையும் அதில் உண்டு. நீங்களே எழுதினாலும் கடினமில்லை. யூனிகோடில் தமிழ்ச் சொல்லின் குறியெண்ணிக்கையும் பிரெயில் கட்ட எண்ணிக்கையும் பெரும்பாலும் ஒன்றே, ‘க்ஷ’ போன்ற விலக்கு தவிர. மெய்ப்புள்ளியை மட்டும் பின்னாலிருந்து முன்னால் நகர்த்த வேண்டும். அதற்கு முன் சொல்லை யூனிகோடு முறைப்படி இயல்பாக்கிக்கொள்ளுங்கள் (நார்மலைஸ்), இல்லாவிட்டால் சில கோப்புகளில் ‘ொ’ இரண்டு துண்டாகக் கிடக்கும். திரைவாசிப்பானில் முதலில் எழுத்தைச் சொல்ல வையுங்கள், பிறகு இடத்தை: ‘ழ, வரிசை 3, கட்டம் 5’. இடத்தை முதலில் சொன்னால் ஒவ்வொரு கட்டத்திலும் காத்திருக்க வேண்டும்.

தாரமங்கலம்: கண்ணைக் கட்டிக்கொண்டு நாங்களே சோதித்தால் போதுமா?

போதாது. கண்ணைக் கட்டியவருக்கு விரலில் வாசிக்கத் தெரியாது. பிரெயில் வாசிக்கும் இருவரிடமாவது கொடுங்கள். அவர்களில் ஒருவர் புதிதாகக் கற்பவராக இருக்கட்டும்.

வாழப்பாடி: ஃபெவிகால் சொட்டு வைத்துக் காயவிட்டால் புள்ளி வருமா?

சங்ககிரி, அயோத்தியாப்பட்டணம் இரண்டையும் படியுங்கள். ஸ்லேட்டு வேண்டுமென்றால் பார்வைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையம் சென்னை பூந்தமல்லியில் இருக்கிறது, அங்கே கேளுங்கள்.