வாசகர் கேள்வி பதில்: கண்ணாடியைத் துடைத்துத் தருகிறீர்களா?

(பதில் எழுதுபவர் முப்பத்தொரு வருஷம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சபையின் நோயாளர் சந்திப்புக் குழுவில் இருக்கிறார்.)

கேள்வி: பத்து வருஷமாகச் சபையில் இருக்கிறேன். பிரசங்கிக்க வராது, பாட வராது. ஆவியின் வரமாகச் சொல்கிற அந்நிய பாஷையும் பேசினதில்லை. கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்குவேன், கழிப்பறையைக் கழுவுவேன். முடியாத பெரியவர்கள் வீட்டுக்குப் போய்த் துணி துவைத்துக் கொடுப்பேன். "அதெல்லாம் நல்ல காரியம்தான். ஆனால் ஊழியம் வேறு, அபிஷேகம் வேறு" என்று ஒருவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. என்னிடம் பரிசுத்த ஆவியானவர் இல்லையா அக்கா?

சகோதரி, உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தை எடுங்கள். எருசலேம் சபையில் ஒரு முறுமுறுப்பு. கிரேக்க மொழி பேசுகிற விதவைகளை அன்றாட விசாரணையில், அதாவது தினமும் உணவு பகிர்கிற பராமரிப்பில், யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியைப் பார்த்துக்கொள்ள ஏழு பேர் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்கு அப்போஸ்தலர் என்ன தகுதி கேட்டார்கள்? கணக்கு தெரிய வேண்டும், உடம்பில் தெம்பு வேண்டும் என்று கேட்கவில்லை. "பரிசுத்த ஆவியும் ஞானமும் நிறைந்து, நற்சாட்சி பெற்றிருக்கிற" ஏழு பேரைக் கேட்டார்கள். பந்தி விசாரிக்க ஆவியின் நிறைவு!

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம் தமிழ் வேதாகமத்தில் அந்தப் பகுதியில் விதவைகளுக்கு நடந்தது "விசாரணை", அப்போஸ்தலர் செய்தது "ஊழியம்". படிக்கும்போது ஒன்று கீழே, ஒன்று மேலே என்று தோன்றிவிடும். கிரேக்க மூலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: டியாகோனியா. சாப்பாடு பரிமாறுவதும் டியாகோனியா, வசனத்தைப் போதிப்பதும் டியாகோனியா. ஊழியம் வேறு, வேலை வேறு என்று பிரித்தது நாம்தான்.

அந்நிய பாஷையை நான் குறைவாகப் பேசமாட்டேன், அதுவும் தேவன் தருகிற வரம். ஆனால் 1 கொரிந்தியர் 12:28இல் பவுல் வரங்களைச் சொல்லிக்கொண்டு வரும்போது, குணமாக்கும் வரங்களுக்கு அடுத்தபடியாகவே "உதவிகள்" என்று எழுதுகிறார். பாஷைகள் அதற்கும் பின்னால்தான் வருகின்றன. இரண்டு வசனம் தள்ளி, எல்லாரும் அந்நிய பாஷை பேசுகிறார்களா என்று அவரே கேட்கவும் செய்கிறார்.

யோப்பாவிலிருந்த தொற்காளைப் பாருங்கள். அவள் பேசியதாக ஒரு வார்த்தைகூட வேதத்தில் இல்லை. அவள் செத்துக் கிடந்தபோது விதவைகள் பேதுருவைச் சுற்றி நின்று அழுதுகொண்டே, அவள் தைத்துக் கொடுத்த துணிகளைக் காட்டினார்கள். அவளுக்கு அவர்கள் சொன்ன சாட்சி அந்தத் துணிதான். புதிய ஏற்பாட்டில் "சீஷி" (பெண் சீடர்) என்ற சொல் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் வருகிறது, அது இவளுக்கு.

நீங்கள் துவைத்துக் காயப்போட்ட துணியை யாரோ ஒருவர் உடுத்திக்கொண்டிருக்கிறார். இனி "ஊழியம் வேறு" என்ற அந்த வார்த்தையை மனசில் வைத்துக்கொண்டு துவைக்காதீர்கள்.

கேள்வி: நோயாளிகளைச் சந்திக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். "ஆவியில் நிறைந்து போக வேண்டும்" என்கிறார்கள். கட்டில் பக்கத்தில் போய் நிற்கும்போது அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு விளங்கவில்லை.

தம்பி, இதற்கு என் வாழ்க்கையில் நடந்த ஒன்றைத்தான் பதிலாகச் சொல்ல முடியும்.

வேலையில் சேர்ந்து சில வருஷம் ஆன சமயம். விசுவாசத்தில் நான் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. வார்டில் ஒரு பெரியவர், இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். என் வேலை நேரம் முடிந்த பிறகு அவர் கட்டிலருகே போய் நின்று, கண்ணை மூடி, நீண்ட ஜெபம் பண்ணினேன். குரல் உயர்ந்தது, கண்ணீர் வந்தது. வல்லமையாக ஜெபித்துவிட்டோம் என்றே நினைத்தேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தால், அவர் மெதுவாகக் கேட்டார்: "அம்மா, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் துடைத்துத் தருகிறீர்களா?"

கண்ணாடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் விரல் ரேகை, ஓரத்தில் காய்ந்துபோன மருந்துத் துளி. எத்தனை நாளாக அவர் அதன் வழியாக எங்களையெல்லாம் மங்கலாகப் பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. காலையிலும் மாலையிலும் நான்தான் அவருக்கு ஊசி போட்டவள். ஒரு தடவைகூட அது என் கண்ணில் படவில்லை. சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து அவர் காதில் மாட்டிவிட்டேன். அவர் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இப்போதுதான் உங்களைப் பார்க்கிறேன்" என்றார்.

அந்த ஜெபம் வீண் என்று நான் சொல்லவில்லை. ஆவியானவர் அன்றைக்கு என்னைக் கூப்பிட்டது அந்தக் கண்ணாடிக்காக. என் சத்தத்தில் எனக்கு அது கேட்கவில்லை. பர்திமேயு என்ற குருடன் வந்து நின்றபோது இயேசுவே என்ன கேட்டார்? "நான் உனக்கு என்ன செய்யவேண்டும்?" குருடனுக்கு வேறென்ன வேண்டும், பார்த்தாலே தெரியாதா? தெரிந்தும் கேட்டார்.

அதனால் போகும்முன் வெளியே நின்று ஒரு நிமிஷம் அமைதியாக ஜெபியுங்கள். உள்ளே போனதும் உட்காருங்கள். படுத்திருப்பவருக்கு மேலே நின்று பேசினால் அவர் கழுத்து வலிக்கும். முதலில் அவரைப் பேசவிடுங்கள். ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் முகம் சுருங்காதீர்கள். கட்டிலுக்கு அடியில் விழுந்த செருப்பு, எட்டாத இடத்தில் இருக்கிற தண்ணீர்க் குவளை, இதெல்லாம் உங்கள் கண்ணில் பட ஆரம்பித்தால் உங்களுக்குள் யார் வேலை செய்கிறார் என்று உங்களுக்கே புரியும்.

கேள்வி: உதவி செய்கிற இடத்தில் சுவிசேஷம் சொல்லாமல் வந்தால் அது கடமை தவறியதாகாதா?

கேட்டால் சொல்லுங்கள், சந்தோஷமாகச் சொல்லுங்கள். ஆனால் உதவியைத் தூண்டில் ஆக்காதீர்கள். நல்ல சமாரியன் அடிபட்டவனுக்கு எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அடிபட்டவனிடம் அவன் என்ன பேசினான் என்று இயேசு சொல்லவே இல்லை. பத்துக் குஷ்டரோகிகளில் ஒன்பது பேர் திரும்பி வந்து நன்றி சொல்லாதபோதும், அவர்கள் சுகத்தை இயேசு திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மறுத்துப் பேச முடியாத நிலையில் படுத்திருப்பவரிடம் நாம் இன்னும் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

கேள்வி: உதவி செய்யும்போது எடுத்த படங்களைப் போடலாமா? மற்றவர்களுக்கு உற்சாகமாக இருக்குமே.

வேண்டாம். மத்தேயு 6:3: தர்மம் செய்யும்போது வலதுகை செய்வதை இடதுகை அறியக்கூடாது.

கேள்வி: படுக்கையில் இருக்கும் மாமியாரை மூன்று வருஷமாகக் கவனித்துக்கொள்கிறேன். களைத்துப்போனேன். சில நாள் ஜெபிக்கக்கூட வாய் வருவதில்லை. "ஆவியில் நிறைந்திருந்தால் சோர்வு வராது" என்கிறார்கள்.

அம்மா, அப்படிச் சொன்னவர்கள் ஒரு இரவாவது உங்கள் வீட்டில் வந்து படுத்திருப்பார்களா?

பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவைப் பவுலுக்கு உதவி செய்ய அனுப்பியது. போன இடத்தில் அவன் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தான். அவனுக்கு விசுவாசம் போதாது என்று பவுல் எழுதவில்லை. "என் சகோதரன், உடன்வேலையாள்" என்று எழுதி வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார், அப்படிப்பட்டவர்களைக் கனம்பண்ணுங்கள் என்றும் சபைக்குச் சொல்லி அனுப்பினார். எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் ஆண்டவரே என்றபோது, தூதன் அவனைத் தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான், தூதன் தூங்கவிட்டான்.

மோசேயால் ஜனங்களைச் சுமக்க முடியாமல் போனபோது கர்த்தர் அவனுக்கு இன்னும் அதிக பலம் தந்திருக்கலாம். அவரோ மோசேமேல் இருந்த ஆவியில் கொஞ்சம் எடுத்து எழுபது மூப்பர்மேல் வைத்தார். உங்களுக்கு இப்போது வேண்டியது அந்த எழுபதில் இரண்டு பேர். உங்கள் சபைப் போதகரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டி, வாரத்தில் இரண்டு மதியம் யாரையாவது அனுப்பச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் துணி மடிக்காதீர்கள். தூங்குங்கள்.

கேள்வி: நாற்பது வருஷம் மற்றவர்களுக்காக ஓடினேன். இப்போது ஒரு பெண் வந்து என்னைக் குளிப்பாட்டிவிடுகிறாள். கூச்சமாக இருக்கிறது. இனி நான் எதற்குப் பயன்படுவேன்?

ஐயா, உங்கள் கேள்வியை மூன்று முறை படித்தேன். கொடுத்தே பழகின கைக்கு வாங்குவது கஷ்டம்தான். கடைசி இராப்போஜனத்தன்று இயேசு சீஷரின் கால்களைக் கழுவ வந்தபோது பேதுருவும் காலை இழுத்துக்கொண்டார், "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றார். அதே பேதுருவிடம்தான் பிறகு கடற்கரையில் இயேசு, முதிர்வயதில் நீ கைகளை நீட்டுவாய், வேறொருவன் உனக்கு உடை கட்டுவான் என்றார். சொல்லிவிட்டு "என்னைப் பின்பற்றிவா" என்றும் சொன்னார். கையை நீட்டிக்கொடுக்கிற காலமும் அந்தப் பின்பற்றுதலுக்குள்தான் இருக்கிறது.

நான் செவிலியராக இருந்தபோது, தன்னைக் குளிப்பாட்ட முகம் சுளிக்காமல் இடம் கொடுத்து, "உனக்குக் கை வலிக்கிறதா மகளே?" என்று கேட்ட நோயாளிகள் உண்டு. பன்னிரண்டு மணி நேர வேலையில் அன்றைக்கு என்னிடம் அதைக் கேட்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

உங்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் பெயர் உங்கள் கடிதத்தில் இல்லை. அவளிடம் கேளுங்கள். அவள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், அவளுக்கு என்ன கவலை என்று கேளுங்கள். அவள் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள், உங்களுக்குத்தான் இப்போது நேரம் இருக்கிறதே. அடுத்த மாதம் எனக்கு மறுபடி எழுதுங்கள். கை நடுங்கினால் நீங்கள் சொல்லச் சொல்ல அவளையே எழுதச் சொல்லுங்கள்.