நான்கு அங்குலமா, ஆறு அங்குலமா? முதலில் எடை மேடைக்குப் போங்கள்

கேள்வி: என்னிடம் 1999 மாடல் ஃபோர்டு எஃப்-250 சூப்பர் டியூட்டி இருக்கிறது. ஃபோர் வீல் டிரைவ், 7.3 லிட்டர் டீசல் இன்ஜின். முன்பக்கம் லீஃப் ஸ்பிரிங் (பட்டைகளை அடுக்கிய ஸ்பிரிங்). அதைக் கழற்றிவிட்டு, 2005க்குப் பிந்தைய சூப்பர் டியூட்டியின் ‘டானா 60’ என்ற முன் ஆக்சிலைக் காயில் (சுருள்) ஸ்பிரிங்கோடு மாட்டப் போகிறேன். ஆக்சில், அதைச் சேசிஸோடு பிணைக்கும் ரேடியஸ் ஆர்ம், ஸ்பிரிங்கின் மேல் நுனி உட்காரும் கிண்ணம் எல்லாம் கைக்கு வந்துவிட்டன. 37 அங்குல டயர் போடுவேன். பிறகு முன் பம்பரில் வின்ச் (வண்டியை இழுக்கும் கயிற்று இயந்திரம்) மாட்டும் எண்ணமும் உண்டு. வண்டியை உயர்த்த நான்கு அங்குல லிஃப்ட் ஸ்பிரிங் போதுமா, ஆறு அங்குலம் வாங்கட்டுமா? (டெக்சஸிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இரண்டையும் இப்போது வாங்காதீர்கள்.

ஸ்பிரிங் பெட்டியின் மேல் ‘4 அங்குலம்’ என்று போட்டிருக்கிறதே, அது எதிலிருந்து நான்கு அங்குலம்? 2005 வண்டியில், ஃபோர்டு தொழிற்சாலை வைத்த இடத்திலேயே கிண்ணம் இருந்து, அந்த வண்டியின் எடையும் அப்படியே இருந்து, பழைய ஸ்பிரிங்குக்குப் பதில் இதைப் போட்டால் கிடைக்கும் உயரம் அது. உங்கள் வண்டியில் இதில் எதுவுமே பொருந்தாது. சேசிஸில் கிண்ணத்தை எங்கே வைத்து வெல்டிங் செய்வது என்பதை நீங்கள்தான் முடிவு செய்யப் போகிறீர்கள். ஒரு அங்குலம் இறக்கி வைத்தால் வண்டி ஒரு அங்குலம் உயரும். இந்த மாற்றத்தில் ‘நான்கு’, ‘ஆறு’ எல்லாம் வெறும் பெயர்கள். உங்களுக்குத் தேவை மூன்று எண்கள்: ஒரு ஸ்பிரிங் தாங்கவேண்டிய எடை, அந்த எடையில் அது நிற்கவேண்டிய உயரம், அதன் விறைப்பு.

எடையிலிருந்து தொடங்குவோம். நெடுஞ்சாலை லாரி நிறுத்தங்களில் எடை மேடை இருக்கும். டாங்கை நிரப்பி, நீங்களும் ஏறி உட்கார்ந்து, முன் ஆக்சிலின் எடையைத் தனியாக எடுங்கள். கணக்குக்காக 3,800 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். இது முழுவதும் ஸ்பிரிங்கின் மேல் இல்லை. ஆக்சில், சக்கரம், டயர், பிரேக் இவையெல்லாம் ஸ்பிரிங்குக்குக் கீழே, தரையைப் பார்த்துக் கிடப்பவை. அவற்றைக் கழிக்கவேண்டும். நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்: கழிக்கவேண்டியது, எடை போட்டபோது வண்டியில் இருந்த பழைய ஆக்சில், பழைய டயர்களின் எடையை. புதிதாக வரப்போவதன் எடையை அல்ல. பழையதைக் கழற்றியதும் ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். 800 பவுண்டு என்றால், ஸ்பிரிங்குகளின் மேல் மிச்சம் 3,000. ஒன்றுக்கு 1,500.

37 அங்குல டயர் கனமானதாயிற்றே, விறைப்பான ஸ்பிரிங் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். டயரின் எடையைத் தரை தாங்குகிறது. ஷாக் அப்சார்பர்தான் கூடுதலாக உழைக்கவேண்டியிருக்கும்.

அடுத்து உயரம். கிண்ணங்களை முழுதாக வெல்டிங் செய்யாமல், சும்மா புள்ளி புள்ளியாகப் பற்றவைத்து நிறுத்துங்கள். ஸ்பிரிங் இல்லாமல் ஆக்சிலை ரேடியஸ் ஆர்மோடு மாட்டி, சக்கரமும் போட்டு, சேசிஸை உங்களுக்குப் பிடித்த உயரத்துக்கு ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயர் ஃபெண்டரில் இடிக்கிறதா என்று ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஆக்சில் மேலே வந்து மோதாமல் தடுக்கும் பம்ப் ஸ்டாப்பில் இடிப்பதற்கு முன் நான்கு அங்குலமாவது இடைவெளி இருக்கட்டும். திருப்தியானதும், ஸ்பிரிங்கின் கீழ் நுனி உட்காரும் இருக்கையிலிருந்து மேல் கிண்ணம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். 16 அங்குலம் வந்தது என்போம்.

இனி பள்ளிக்கூடக் கணக்குதான். ஒரு அங்குலம் அமுங்க எத்தனை பவுண்டு வேண்டுமோ, அதுதான் விறைப்பு. 450 பவுண்டு ஸ்பிரிங் 1,500 பவுண்டின் கீழ் மூன்றே கால் அங்குலத்துக்குச் சற்று மேல் அமுங்கும். 16 அங்குலத்தில் நிற்கவேண்டுமானால், சுமையில்லாமல் அது 19.3 அங்குல நீளம் இருக்கவேண்டும். 350 பவுண்டு ஸ்பிரிங் என்றால் 4.3 அங்குலம் அமுங்கும், 20.3 அங்குல நீளம் வேண்டும். 600 பவுண்டு ஸ்பிரிங்குக்கு 18.5 போதும். மூன்றிலும் வண்டி ஒரே உயரத்தில்தான் நிற்கும். வாசலில் நிறுத்தி வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது.

ஓட்டினால் தெரியும். 350இல் முன்பக்கம் நொடிக்கு ஒன்றரை முறை ஆடும், 600இல் ஏறக்குறைய இரண்டு முறை. காகிதத்தில் சின்ன வித்தியாசம்தான். இரண்டு மணி நேரம் கரடுமுரடான பாதையில் போனால் இடுப்பு சொல்லிவிடும். இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. நின்ற நிலையில் ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கியிருக்கிறதோ, சக்கரம் அவ்வளவு கீழே இறங்கும்வரைதான் ஸ்பிரிங் இருக்கையில் அழுந்தி உட்கார்ந்திருக்கும். 600 பவுண்டு ஸ்பிரிங்கில், சக்கரம் ஒரு பள்ளத்துக்குள் இரண்டரை அங்குலத்துக்கு மேல் இறங்கினாலே ஸ்பிரிங் தொளதொளவென்று ஆடத் தொடங்கிவிடும். கிளிப் போட்டுப் பிடிக்காவிட்டால் இடம்மாறி உட்காரும், சில சமயம் கழன்றும் விழும். கல்லும் பள்ளமுமாகப் போகிறவர்கள் மென்மையான, நீளமான ஸ்பிரிங்கைத் தேடுவது இதனால்தான். டிரெய்லர் இழுத்துக்கொண்டு நெடுஞ்சாலையிலேயே பெரும்பாலும் ஓடுகிறவருக்கு இது பெரிய கவலை இல்லை. நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள் என்று எழுதவில்லை. இரண்டும் உண்டு என்றால் நான் 400க்கும் 450க்கும் நடுவில் தேடுவேன்.

வின்ச் கதைக்கு வருவோம். வின்ச், இரும்புப் பம்பர் இரண்டும் சேர்ந்து கூடுதலாக 250 பவுண்டு என்று வைப்போம். அது ஆக்சிலுக்கு மூன்றரை அடி முன்னால் தொங்குகிறது, உங்கள் வண்டியின் வீல்பேஸ் சுமார் 13 அடி என்றால், நெம்புகோல் கணக்கில் முன் ஆக்சிலுக்கு 317 பவுண்டு போகும். ஒரு ஸ்பிரிங்குக்கு 160க்குக் கொஞ்சம் குறைவு. 450 பவுண்டு ஸ்பிரிங் இதற்கு ஒரு அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான் இறங்கும். இதற்குப் பயந்து 600க்குத் தாவுகிறவர்கள் ஏராளம். ஸ்பிரிங்கின் நுனியில் அரை அங்குல ஸ்பேசர் (இடைவெளித் தட்டு) போட்டால் முடிந்தது. ஸ்பேசர் உயரத்தைத்தான் மாற்றும், விறைப்பைத் தொடாது.

ஸ்கிராப் யார்டிலிருந்து பழைய ஸ்பிரிங் எடுக்கலாமா? தாராளமாக. வயதானால் ஸ்பிரிங் மென்மையாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. விறைப்பு ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும், நீளம்தான் குறையும். டேப் வைத்து அளந்தால் போதும். ஆனால் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்று பாருங்கள். ஃபோர்டு ஒரே மாடலுக்கு எடையைப் பொறுத்துப் பல ஸ்பிரிங்குகளைப் போட்டது. கதவருகே இருக்கும் ஸ்டிக்கரில் குறியீடு இருக்கும். பெட்ரோல் இன்ஜின் வண்டியின் ஸ்பிரிங் உங்கள் டீசலின் கீழ் உட்கார்ந்துவிடும். கம்பியின் தடிமனையும் காலிப்பரில் அளந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் ஒன்றாக இருந்து, கம்பி பத்தில் ஒரு பங்கு தடித்தாலே விறைப்பு 46 சதவீதம் கூடும். கண்ணால் பார்த்து ‘இரண்டும் ஒன்றுதான்’ என்று சொல்லவே முடியாது.

டூ வீல் டிரைவ் சூப்பர் டியூட்டியின் முன் காயில் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். அதை எடுக்கவேண்டாம். அதில் இருப்பது ட்வின் ஐ-பீம். ஒவ்வொரு பீமும் எதிர்ப்பக்கத்தில் கீல் போட்டுத் தொங்கும், ஸ்பிரிங் சக்கரத்துக்கு உள்ளே தள்ளி உட்காரும். அதனால் சக்கரத்தில் விழும் எடையைவிட ஸ்பிரிங்கில் விழுவது அதிகம். அந்தக் கணக்குக்குச் செய்த ஸ்பிரிங்கை உங்கள் ஒற்றை ஆக்சிலில் வைத்தால் வண்டி எதிர்பாராத உயரத்தில், கட்டை மாதிரி நிற்கும்.

புது ஸ்பிரிங் வாங்குவதானால் தயாரிப்பாளரிடம் கேளுங்கள்: சுமையற்ற நீளம் எவ்வளவு, விறைப்பு எவ்வளவு, 16 அங்குலத்தில் எத்தனை பவுண்டு தாங்கும். ‘ப்ரோக்ரெசிவ்’ ஸ்பிரிங் என்றால் அந்த மூன்றாவது எண் மிக அவசியம், ஏனென்றால் அதற்கு ஒற்றை விறைப்பே கிடையாது. ‘சூப்பரா இருக்கும் சார்’ என்பதுதான் பதில் என்றால் வேறு கடை பாருங்கள்.

ஆறு அங்குல ஆசையைப் பற்றி ஒரு வார்த்தை. உயரம் கூடக் கூட ரேடியஸ் ஆர்ம் சாயும், ஆக்சில் முன்னோக்கிச் சுழலும், காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறையும். மூன்றடி நீள ஆர்ம் என்றால் அங்குலத்துக்கு ஒன்றரை டிகிரி போய்விடும். காஸ்டர் குறைந்தால் ஸ்டியரிங் தானாக நேருக்கு வராது. ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் டிராக் பாரும் (track bar), ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டிராக் லிங்க்கும் (drag link) இணையாக இல்லாவிட்டால் ஒவ்வொரு குழியிலும் வண்டி பக்கவாட்டில் இழுக்கும். தேய்ந்த ரப்பர் புஷ்ஷும் சேர்ந்தால், இந்த வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த ‘டெத் வாபிள்’, அதாவது முன் சக்கரங்கள் கட்டுக்கடங்காமல் உதறும் ஆட்டம் வரும். 37 அங்குல டயர் இடிக்காமல் சுழலும் உயரம் எதுவோ, அங்கேயே நின்றுவிடுவது நல்லது.

மாட்டும்போது ஸ்பிரிங்கின் நுனி இருக்கையிலுள்ள தடுப்பில் சரியாக முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். ரேடியஸ் ஆர்ம், டிராக் பார் போல்ட்டுகளை வண்டி தன் எடையில் தரையில் நிற்கும்போதுதான் இறுக்கவேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து கிழிந்துவிடும். ஷாக் அப்சார்பரை மட்டும் இப்போது வாங்கிவிடாதீர்கள். புது ஸ்பிரிங் முதல் சில நூறு மைலில் கொஞ்சம் படியும். அதுவரை பழைய ஷாக் எட்டினால் அதையே ஓட்டி, பிறகு மறுபடி டேப்பை எடுத்து அளந்து, அந்த உயரத்துக்கு வாங்குங்கள்.