விட்சர் 3-இல் அன்பாகவே நடந்துகொண்டும் சிரி ஏன் திரும்பி வரவில்லை?

கேள்வியின் சாரம் இது: விட்சர் 3 வீடியோ கேமில் நாயகன் கெரால்டாக ஆடி, அவர் மகள்போல வளர்த்த சிரியிடம் கடைசிவரை அன்பாகவும் பொறுப்பாகவும் நடந்துகொண்டீர்கள். இருந்தும் அவள் திரும்பவில்லை. கெரால்ட் சதுப்புக்காட்டில் மிச்சமிருந்த சூனியக்கிழவியைக் கொன்று, செத்துப்போன குரு வெசெமிரின் பதக்கத்தை மீட்டுக்கொண்டு தனிமரமாக உட்கார்ந்துவிட்டார். எங்கே தப்பு, மற்ற ஃபேன்டஸி கேம்களிலும் உறவை இப்படித்தான் கணக்கிடுகிறார்களா என்று கேட்கிறீர்கள்.

"பொறுப்பாக" என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் கோட்டை விட்டிருக்கிறீர்கள்.

2015-இல் வந்த இந்த கேமில் சிரியின் தலையெழுத்து ஐந்தே இடங்களில் முடிவாகிறது. மற்ற நேரங்களில் தேனொழுகப் பேசினாலும் எரிந்து விழுந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. ஐந்தில் குறைந்தது மூன்று அவளுக்குச் சாதகமாக விழவேண்டும். திரையில் எண் எதுவும் ஏறாது, எச்சரிக்கையும் கிடையாது.

முதல் இரண்டும் 'ப்ளட் ஆன் தி பேட்டில்ஃபீல்ட்' குவெஸ்ட்டில், அதாவது கேமின் அந்தக் கதைப்பகுதியில் வரும். வெசெமிர் இறந்தபின் சிரி இடிந்துபோய் உட்கார்ந்திருப்பாள். எல்லாவற்றிலும் கெட்டிக்காரியாக இருக்கவேண்டிய அவசியமில்லை என்று தேற்றும் பதில், படிக்க நல்ல பதில்தான். அதை அழுத்தினால் இருவரும் உட்கார்ந்து குடிப்பார்கள், புள்ளி போச்சு. உன் மனசை மாற்ற ஒரு வழி இருக்கிறது என்கிற இன்னொரு பதில், பனி உருண்டைச் சண்டையில் கொண்டுபோய் விடும். அதுதான் வேண்டும். அடுத்தது அவளைப் பெற்ற தகப்பன், பேரரசர் எம்ஹிர். அவரிடம் அழைத்துப்போய்ச் சன்மானத்தை வாங்கிக்கொண்டால் மைனஸ். அழைத்துப்போய், காசுக்காகச் செய்யவில்லை என்று மறுத்தால் பிளஸ். அங்கே போகாமல் நேராக வெலன் பகுதிக்குக் கிளம்பினால் இரண்டும் இல்லை. அவள் பேரரசியாகும் முடிவு மட்டும் கைநழுவிவிடும்.

மூன்றாவது 'ஃபைனல் ப்ரிபரேஷன்ஸ்' குவெஸ்ட்டில். மந்திரக்காரிகளின் சங்கமான லாட்ஜ், சிரியை நேரில் பார்க்கக் கூப்பிடுகிறது. கெரால்ட் கூடவே உள்ளே போகலாம். நீயே சமாளித்துக்கொள்வாய் என்று வெளியே நின்றும்விடலாம். ஓ.எம்.ஆரில் மகளுக்கு முதல் வேலைக்கான இன்டர்வியூ என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிசப்ஷன் வரை பைக்கில் கொண்டுவந்து விடுவது ஒன்று. உள்ளே நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாப்பா கொஞ்சம் பயந்த சுபாவம் சார்" என்பது வேறு. கெரால்ட் கூடப் போகும்போது நடப்பது இந்த இரண்டாவது. பாசத்தோடு ஆடுகிறவர்கள் அதிகம் வழுக்கும் இடம் இதுதான்.

கடைசி இரண்டும் 'தி சைல்ட் ஆஃப் தி எல்டர் ப்ளட்' குவெஸ்ட்டில். அவளுடைய ஆசான் அவலாக்கின் ஆய்வுக்கூடத்தைப் பார்த்து அவளுக்கு ஆத்திரம் பொங்கும். அமைதியாக இரு என்றால் மைனஸ். உடை என்றால் பிளஸ், கெரால்டும் சேர்ந்து உடைப்பார். பிறகு ஸ்க்யாலின் கல்லறை. அவளுக்கு உதவி செய்துவிட்டு, ஊராரிடம் கோழைப் பட்டம் வாங்கிச் செத்த பையன். நேரமில்லை என்று மறுக்காமல் கூடப் போகவேண்டும்.

ஆகவே 'விலகி நில்' என்பதும் சூத்திரமில்லை. கல்லறைக்குக் கூடப் போகவேண்டும், லாட்ஜுக்குக் கூடப் போகக்கூடாது. அவள் துக்கத்துக்குத் துணை தேவைப்படுகிறது, திறமைக்குத் தேவைப்படவில்லை. இந்த வித்தியாசத்தைப் பிடித்துவிட்டால் ஐந்தையும் வழிகாட்டி இல்லாமலே சரியாகச் சொல்லிவிடலாம். உச்சக்கட்டத்தில் உலகங்களை உறையவைக்கும் வெண்பனிக்குள் தனியாக நடக்கும்போது அவளுக்கு நினைவுக்கு வருவதும் இந்தத் தருணங்கள்தான். தனியாக அனுப்பியிருந்தால் அது. நம்பாமல் கூட வந்திருந்தால் அதுவும்.

நடைமுறைக்கு: 'ஃபைனல் ப்ரிபரேஷன்ஸ்' தொடங்குவதற்கு முந்தைய சேவ் கைவசம் இருந்தால் அதை லோட் செய்யுங்கள். முதல் இரண்டும் சொதப்பியிருந்தாலும் மீதி மூன்றும் சரியாக அமைந்தால் அவள் வந்துவிடுவாள். எம்ஹிரிடம் முன்பே அழைத்துப்போயிருந்து, 'ரீசன் ஆஃப் ஸ்டேட்' குவெஸ்ட்டில் முன்னாள் உளவுத்தலைவன் டிக்ஸ்ட்ராவுக்கு எதிராகப் படைத்தலைவன் ரோஷின் பக்கம் நின்றிருந்தால் அவள் பேரரசியாவாள். மற்றபடி கெரால்டைப்போல அரக்கர்களைக் காசுக்கு வேட்டையாடும் விட்சர்தான். ரசிகர்களுக்குள் இதில் ஓயாத சண்டை உண்டு. என் ஓட்டு விட்சர் சிரிக்கே.

அதே கேமின் காதல் கணக்கு இதோடு ஒப்பிட்டால் ரொம்ப எளிது. துறைமுகத்தில் மந்திரக்காரி டிரிஸ்ஸிடமும், ஜின் பூதம் வரும் குவெஸ்ட் முடிந்ததும் இன்னொரு மந்திரக்காரி யென்னஃபரிடமும், இருவரிடமும் காதலைச் சொன்னால் இருவரும் சேர்ந்து கெரால்டைக் கட்டிலில் கட்டிப்போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். வள்ளி தெய்வானைக் கணக்கெல்லாம் அங்கே செல்லாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. எண்ணை மறைக்காமல் காட்டும் கேம்களும் உண்டு. 2009-இல் வந்த டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸில் ஒவ்வொரு கூட்டாளிக்கும் −100 முதல் 100 வரை அப்ரூவல் என்ற நல்லெண்ணப் புள்ளி. பரிசு கொடுத்தால் ஏறும். ஆனால் பரிசுகளை அடுக்கிக்கொண்டே போனால் ஒவ்வொன்றும் தரும் புள்ளி குறைந்துகொண்டே வரும். பொருளைக் கொட்டி நட்பை வாங்க முடியாதபடி போட்ட கடிவாளம் அது. இன்னொரு கடிவாளம் அதைவிடப் பெரியது. கூட்டாளிகளில் ஒருவனான அலிஸ்டரின் மீட்டர் நூறிலேயே நின்றாலும் சரி, அவனுடைய குருவைப் போர்க்களத்தில் கைவிட்டுப்போன லோகெய்னை மன்னித்து உங்கள் அணியில் சேர்த்தால் அவன் அணியைவிட்டுப் போய்விடுவான். "இவ்வளவு செய்தேனே" என்ற புலம்பலுக்கு அங்கே இடமில்லை. கேம் பாத்திரங்களில் முதுகெலும்பு உள்ளவன் என்றால் எனக்கு அவன்தான் முதலில் நினைவுக்கு வருகிறான்.

அவன் மாறத் தொடங்குவதும் ஒரு பேச்சில்தான். டெனெரிம் நகரில் தாய் ஒன்று, தகப்பன் வேறு என்று அவன் நம்பும் அக்கா கோல்டன்னாவைப் பார்க்கப் போவீர்கள். துணி வெளுத்துப் பிழைக்கிறவள். பாசம் கேட்டு வந்தவனிடம் அவள் பணம் கேட்பாள். வெளியே வந்ததும் அவன் புலம்புவான். அப்போது ஆறுதல் சொன்னால் பழைய அலிஸ்டராகவே இருப்பான். எல்லாரும் அவரவருக்காகத்தான் வாழ்கிறார்கள், நீயும் கற்றுக்கொள் என்று சொன்னால் கெட்டிப்பட்டுவிடுவான்; பின்னால் அரியணையை ஏற்கவும் தயங்கமாட்டான். எங்கே தவறுகிறது என்றால், கோல்டன்னா வீட்டுக்குப் போய்விட்டு, அதன்பிறகு அவனாகத் தொடங்கும் அந்தப் பேச்சில் அவசரமாகப் பதில் அழுத்திவிடுவார்கள். அந்த வாய்ப்பு மறுபடி வராது. வீட்டு வாசலிலேயே சேவ் போடுங்கள்.

பால்டர்ஸ் கேட் 3 (2023) பற்றிப் பலர் சொல்லும் குறை, உறவு திடீரென்று தாவுகிறது என்பது. பெரும்பாலும் கோளாறு கேமில் இல்லை, தூங்காமல் ஆடுவதில் இருக்கிறது. கூட்டாளிகளின் தனிக்காட்சிகள் இரவு கேம்ப்பில்தான் வரும், அதுவும் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக. சாப்பாட்டை மிச்சம் பிடிக்கிறேன் என்று கேமின் முதல் இரண்டு பகுதியையும் நாலைந்து தூக்கத்தில் முடித்தால் பாதிக் காட்சி வராமலே போகும். முழு ஓய்வுக்கு 40 கேம்ப் சப்ளை, கடினமான டாக்டீஷியன் மோடில் 80. கையில் அவ்வளவு இல்லையென்றால் அரை ஓய்வு எடுங்கள். மந்திரமும் உடம்பும் முழுதாகத் திரும்பாது, காட்சி வந்துவிடும். தலைக்குமேல் ஆச்சரியக்குறி இருப்பவர்களிடம் பேசிவிட்டுப் படுங்கள்.

சிரிக்கு நேர் வாரிசு இங்கே ஷேடோஹார்ட். இருள் தெய்வமான ஷாரின் பக்தை, கையில் ஈட்டி, எதிரே அவள் பலியிடவேண்டிய கைதியாகக் கட்டுண்டு கிடக்கும் நைட்சாங். கொல்லாதே என்று வற்புறுத்தலாம், பகடை உருட்டிச் சமாளிக்கலாம். ஆனால் அதுவரை அவள் நம்பிக்கையைச் சம்பாதித்திருந்தால் ஒன்றும் செய்யவேண்டாம்: முடிவை அவளிடமே விட்டு நின்றால், ஈட்டியை அவளே பள்ளத்தில் வீசிவிடுவாள். பிறகொரு காலை கேம்ப்பில் தலைமுடி வெள்ளையாக, நன்றாக இருக்கிறதா என்று வந்து கேட்பாள். அதட்டிக் காப்பாற்றுகிறவர்கள் பார்ப்பதும் அதே வெள்ளை முடிதான், முன்னால் ஈட்டி பறந்த விதம்தான் வேறு.

நேரெதிர் உதாரணம் அதே கேமின் இரத்தக்காட்டேரி, அஸ்டேரியன். ஏழாயிரம் உயிர்களைப் பலியிடும் சடங்குக்குக் கைகொடுத்தால் அவன் கேட்டது எல்லாம் கிடைக்கும். அதன்பின் அவன் உங்களிடம் பேசும் தொனியைக் கவனியுங்கள். காதலியாக இருந்தவர் உடைமையாகிவிட்டிருப்பார்.

அடுத்து எதை ஆடலாம் என்றால் ஆரிஜின்ஸ். பழைய லேப்டாப்பே தாங்கும். பால்டர்ஸ் கேட் 3-க்கு எஸ்எஸ்டியில் 150 ஜிபி இடம் வேண்டும். முதலில் ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள்.