வாசகர் கேள்வி: சிறையில் இருந்தவருக்கு வந்த விருது

கேள்வி: நைஜீரியப் பெண் ஊடகவியலாளர் கிறிஸ் அன்யன்வு சிறையில் இருக்கும்போதே யுனெஸ்கோ விருது பெற்றவராம். அப்படி என்ன எழுதினார்? இந்த விருதுக்கு நாமே விண்ணப்பிக்கலாமா? மகள் உயர்தரத்தில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் படிக்கிறாள்.
– ஒரு தாய், கோண்டாவில்

பதில்: அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்து, நைஜீரிய அரச தொலைக்காட்சியில் செய்தியாளராக இருந்து, பிறகு லாகோசில் ‘த சண்டே மகசின்’ என்ற சஞ்சிகையைத் தொடங்கியவர் அவர். 1995 இல், சதிப்புரட்சி ஒன்றை முறியடித்துவிட்டோம் என்று அப்போது நைஜீரியாவை ஆண்ட ஜெனரல் சானி அபாச்சாவின் இராணுவ அரசு பலரைப் பிடித்தது. அப்படியொரு சதி நடந்ததா என்பதையே சஞ்சிகை கேள்விக்குள்ளாக்கியது. இராணுவ நீதிமன்றம் அவரை இரகசியமாக விசாரித்து ஆயுள் தண்டனை கொடுத்தது. பின்னர் அது 15 வருடமாகக் குறைந்தது. விருது அறிவிக்கப்பட்ட 1998 இலும் உள்ளேதான் இருந்தார். ஜூன் 8 இல் அபாச்சா இறக்க, அந்த மாதமே வெளியே வந்தார். 2007 இல் செனட்டரானார்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்கான இந்த விருது 25,000 டொலர். 1986 இல் கொல்லப்பட்ட கொலம்பியப் பத்திரிகை ஆசிரியர் கில்லெர்மோ கானோவின் பெயரில் வழங்குகிறார்கள். 2009 இல் நம் இலங்கையின் பத்திரிகை ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு, அவர் கொல்லப்பட்ட பிறகு, கிடைத்தது இதுதான். இதற்கு நாமே விண்ணப்பிக்க முடியாது. அரசுகளோ ஊடக அமைப்புகளோ பிரேரிக்க வேண்டும்.

உள்ளூர்ப் போட்டிகள் வேறு; பத்திரிகையில் வெளிவந்த தன் கட்டுரையை மகளே அனுப்பலாம். அங்கே நல்ல கட்டுரைகூடத் திகதி தெரியாமல் நறுக்கியதால் தள்ளுபடியாகும். பத்திரிகைப் பெயரும் திகதியும் உள்ள மேல்விளிம்போடு முழுப்பக்கத்தையும் எடுத்து வைக்க மகளிடம் சொல்லுங்கள். பசை பூசி ஒட்டினால் பூச்சி அரிக்கலாம். பிளாஸ்டிக் உறையில் போட்டு, படமும் பிடித்து வைத்தால் போதும்.

அதைவிட முக்கியம், எழுதிய விடயத்துக்கு ஆதாரம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பிரதேச செயலகத்திலோ பிரதேச சபையிலோ தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேட்கலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. கடிதம் பெற்றதற்குப் பற்றுச்சீட்டு வாங்காமல் திரும்பக் கூடாது. 14 வேலை நாள் கணக்கு அதிலிருந்துதான். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள். ‘வீதி வேலை விபரம் தருக’ என்று பொதுவாகக் கேட்டால் மழுப்பலான பதில்தான் வரும். எந்த வீதி, எந்த வருடம், ஒப்பந்தத் தொகை எவ்வளவு, எத்தனை மீற்றர் என்று தனித்தனியாகக் கேட்கட்டும்.