டியூபின் பெயரை விட்டு நிறமி எண்ணைப் பாருங்கள்: நீர்வண்ணக் கேள்வி பதில்

கேள்வி: காட்மியம் சிவப்பையும் அல்ட்ராமரின் நீலத்தையும் கலந்தால் ஊதா வராமல் சேற்று நிறம் வருகிறது. டியூபில் குறையா?

பதில்: டியூபில் குறையில்லை. காட்மியம் சிவப்பு, ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்தது. நீல ஒளியை ஏறக்குறைய முழுவதும் விழுங்கிவிடும். அல்ட்ராமரின் சிவப்பு ஒளியின் பெரும்பகுதியை விழுங்கிவிடுவதால், இரண்டும் சேரும்போது ஊதாவாகத் தெரிவதற்கு ஒளியே மிஞ்சுவதில்லை. நீல ஒளியையும் ஓரளவு திருப்பித் தருகிற குவினாக்ரிடோன் ரோஸை வாங்குங்கள். டியூபில் அதன் நிறமி எண், அதாவது நிறம் தரும் பொருளின் குறியீடு, பிவி 19 (PV 19) என்று இருக்கும். அதை ஈரத்தாளில் இட்டு, பக்கத்தில் அல்ட்ராமரினைத் தொட்டு வைத்தால், இரண்டும் சந்திக்கிற இடத்தில் கத்தரிப்பூ நிறம் தானாகப் பரவும்.

கேள்வி: சிவப்பு, மஞ்சள், நீலம் போதும் என்றுதானே பள்ளியில் படித்தோம்? நீங்கள் ஏன் குழப்புகிறீர்கள்?

பதில்: மூன்று போதும் என்பதை நான் மறுக்கவில்லை, எந்த மூன்று என்பதைத்தான் சொல்கிறேன். அச்சகத்தில் சயான் (பச்சை சாய்ந்த நீலம்), மெஜந்தா (ஊதா சாய்ந்த சிவப்பு), மஞ்சள் மைகளை வைத்தே ஊதாவும் பச்சையும் பளிச்சென்று வரவழைக்கிறார்கள். அங்கே மெஜந்தாவின் இடத்தில் செங்கல் சாயல் சிவப்பை வைத்தால் ஊதா கெட்டுவிடும்.

கேள்வி: என் ஆசிரியர் அலிசரின் கிரிம்சனை வைத்தே நல்ல ஊதா கலக்கிறாரே?

பதில்: கலக்கலாம், அழகாகவே வரும். ஆனால் பிஆர் 83 என்ற அசல் அலிசரின் வெயிலில் வெளுக்கும். அதைக் கொண்டு நான் வரைந்த செம்பருத்தி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் தொங்கியபடியே சிறிது சிறிதாக வெளிறி, இன்று நீல நிழல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. விற்கவோ பரிசளிக்கவோ வரையும் படத்தில் அதைத் தொடாதீர்கள். அதே பெயரில் வேறு நிறமியும் விற்கிறார்கள் என்பதால், ஆசிரியரின் டியூபில் உள்ள எண்ணை ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: 24 நிறப் பெட்டி வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு டியூப்களும், 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) பருத்தித் தாளும் வாங்குங்கள். மெல்லிய தாள் நீர் பட்டதும் நெளிந்துவிடும். அதில் எந்த வண்ணமும் சமமாகப் படியாது.

கேள்வி: எந்த நிறுவனம் நல்லது?

பதில்: இதைப் பலர் கேட்டுவிட்டீர்கள். எந்த நிறுவனமானாலும் நிறமி எண்ணைப் படியுங்கள். டியூபின் பெயரோடு ‘ஹியூ’ என்று இருந்தால் அது அசலுக்குப் பதிலான மாற்று நிறமி.

கேள்வி: அக்ரிலிக்குக்கும் இதுவேதானா?

பதில்: அக்ரிலிக் என் துறையன்று, அதில் பழகியவரைக் கேளுங்கள்.

கேள்வி: மழைமேகத்துக்குக் கறுப்பு டியூப் வாங்கவா?

பதில்: வாங்காதீர்கள். அல்ட்ராமரினுடன் பர்ன்ட் சியென்னாவைக் கலந்தால் நல்ல சாம்பல் நிறம் வரும். நீலத்தைக் கூட்டினால் மேகம் குளிரும், பழுப்பைக் கூட்டினால் கதகதப்பாகும். காய்ந்தபின் நிறம் வெளிறும் என்பதால், ஈரத்தில் சற்று அடர்த்தியாகவே இடுங்கள்.