வளைத்த தகடு விரிந்துகொண்டால்

கடலூர் சில்வர் பீச் பக்கம் வைக்க எட்டடி அலைச் சிற்பம், 6 மி.மீ. எஃகுத் தகடு, பட்டறையில் உருட்டி வாங்கியதும் வளைவு விரிந்துவிட்டது, ஓரங்கள் தட்டையாக நிற்கின்றன, என்ன செய்வது, துருவை அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

பட்டறைக்காரரைத் திட்டாதீர்கள். எஃகு அழுத்தம் விட்டதும் கொஞ்சம் பின்வாங்கும், அது அதன் குணம். தேவையான ஆரத்தைவிடச் சற்று இறுக்கமாக உருட்டச் சொல்லுங்கள், அதுவும் பல தடவையாக. ஒட்டுப்பலகையில் அந்த வளைவை வெட்டி எடுத்துப் போய், ஒவ்வொரு தடவையும் தகட்டில் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் இன்னும் ஒரு சுற்று. மூன்று உருளை இயந்திரத்தில் தகட்டின் முனைகள் வளையாது. இரண்டு பக்கமும் அரையடி கூடுதலாக விட்டு, கடைசியில் வெட்டிவிடுங்கள்.

வெல்டிங்கை ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். நான் முதல் தடவை அப்படிச் செய்து, தகடு சுட்ட அப்பளம் போல நெளிந்தது. அங்கங்கே புள்ளி வைத்து, எதிரெதிர்ப் பக்கமாக மாற்றி மாற்றிப் போங்கள்.

முறுக்கிய வளைவு வேண்டுமானால் முதலில் சின்ன மாதிரி. பெரிய எஃகுத் தகடுகளை வளைத்துச் சிற்பம் செய்த அமெரிக்கர் ரிச்சர்ட் செர்ராவே இரண்டு மர நீள்வட்டங்களைக் கோணம் மாற்றிப் பொருத்தி, அதன் மேல் ஈயத் தகட்டைச் சுற்றித்தான் வடிவத்தைப் பிடித்தார். அப்புறம்தான் 5 செ.மீ. எஃகு.

துருவை அப்படியே விடும் யோசனை மட்டும் வேண்டாம். மேல்துருவே காப்பாக நிற்கும்படி செய்த கோர்டென் எஃகு என்று ஒன்று உண்டு, உப்புக் காற்றில் அதன் துருப்படலமே நிலைப்படாது, உங்களுடையதோ சாதா எஃகு. மணல் வீசிச் சுத்தம் செய்து, துத்தநாக பிரைமர், மேலே எபாக்ஸி அடியுங்கள். துரு நிறம்தான் பிடிக்கும் என்றால் அந்த நிறத்திலேயே பெயின்ட் கிடைக்கிறது.